பொம்மைத் துப்பாக்கிக்கு இரும்பு விசை

பொம்மைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டு இரும்பில் போட்டால் நன்றாக இருக்குமா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் உட்கார ஒரு நாற்காலி கேட்பேன். நின்றுகொண்டு பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இணையத்தில் இதைப் பற்றி முடிவே இல்லாமல் வாதாடுகிறார்கள். விசையை மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா, கனம் கூடினால் பிடி நன்றாக இருக்குமா என்று. அதில் பெரும்பகுதியை நான் படித்திருக்கிறேன். (அந்த நேரத்தில் அரபி கற்றிருக்கலாம். இத்தனை வருடம் துபாயில் இருந்தும் முடிந்தது என்பதற்கு 'கலாஸ்', இல்லை என்பதற்கு 'மாஃபி', இந்த இரண்டையும் தாண்டவில்லை.)

எங்கள் வீடு அல் குசைஸில். நான் ஒரு ஏசி கம்பெனியில் எஞ்சினியர். எங்கள் தமிழ்ச் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை ஒரு பள்ளி அரங்கத்தை வாடகைக்குப் பிடித்து ஆண்டு விழா நடத்தும். நடனம், பட்டிமன்றம், கடைசியில் நாடகம், அப்புறம் பிரியாணி. இதில் என் பங்கு வருடா வருடம் பார்க்கிங். மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருகிற கார்களுக்கெல்லாம் கை காட்டிவிட்டு நான் உள்ளே போகும்போது பிரியாணியில் முட்டை தீர்ந்திருக்கும். ஒரு வருடம் என் மகள் யாழினி கேட்டாள்: "அப்பா, எல்லாரோட டாடியும் ஸ்டேஜ்ல வர்றாங்க. ஒய் ஆர் யூ ஆல்வேஸ் இன் தி பார்க்கிங்?"

அவள் கிண்டலுக்காகக் கேட்கவில்லை. அதனால்தான் வலித்தது.

அடுத்த விழாவுக்கு முன்னால், வழக்கமாக இன்ஸ்பெக்டர் வேடம் போடுகிறவர் வேலை மாற்றலாகிக் குவைத்துக்குப் போய்விட்டார். சங்கச் செயலாளர் ராஜசேகர் வேறு ஆள் தேடிச் சலித்து, கடைசியில் என்னிடம் வந்தார். நாடகத்துக்குக் கதை, வசனம், இயக்கம், வில்லன் எல்லாம் அவரே. என் வேடம் சின்னது. கடைசிக் காட்சியில் நுழைந்து, "யாரும் அசையாதீங்க!" என்று சொல்லி வில்லனைச் சுட வேண்டும். டுமீல் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். வில்லன் விழுவார், திரை விழும். முன்வரிசையில் உட்கார்ந்து என் ஃபோனில் வீடியோ எடுப்பதாக யாழினி சொன்னாள். எனக்கு அது போதும்.

ராஜசேகர் கொடுத்த துப்பாக்கி, பேரங்காடியில் குழந்தைகள் பகுதியில் தொங்கும் ரகம். கறுப்பு பிளாஸ்டிக், முனையில் ஆரஞ்சு மூடி, பக்கவாட்டில் எந்த வயதுக் குழந்தைக்கு உகந்தது என்ற அச்சு. முதல் ஒத்திகையில் நான் அதை நீட்டி அழுத்தினேன். விசை ஒடிந்து என் செருப்பின் மேல் விழுந்தது.

"பரவாயில்ல, சும்மா விரலை அசைங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் ராஜசேகர்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குத்தான் கை சும்மா இராதே.

அல் கூஸில் எங்கள் கம்பெனிக்குத் தகர வேலை செய்து தரும் ஒர்க்‌ஷாப்பில் செல்வராஜ் என்று ஒரு ஃபோர்மேன். புதுக்கோட்டைப் பக்கம். கையில் எதைக் கொடுத்தாலும் அதைப் பெரிய வேலையாக மாற்றிவிடுவதில் என் கூடப் பிறக்காத தம்பி.

"விசையை மட்டும் இரும்புல போட்டுக் குடுத்தா போதும் செல்வராஜ்."

"போட்டுப்புடலாம் சார். ஆனா இரும்பு விசைக்கு உள்ள இருக்குற பிளாஸ்டிக் பின்னு தாங்காது. அதையும் மாத்திப்புடுவோம்."

பின்னை மாற்றினோம். ஸ்பிரிங் மாட்டும் கொக்கி பிய்ந்தது. கொக்கியை இரும்பில் போட்டோம். அந்த இழுப்பில் மேல் மூடி விரிசல் விட்டது. அதையும் இரும்பில் செய்தோம். மேலே கனம் கூடியதால் துப்பாக்கி மூக்கைக் கவிழ்த்தது. அதைச் சரிக்கட்டக் கைப்பிடியை மாற்றினோம். லீவு நாள் வந்தால் நான் அல் கூஸில் என்றாகிவிட்டது. கடைசியில் மிஞ்சியது ஆரஞ்சு மூடி ஒன்றுதான்.

"இது மட்டும் என்னத்துக்கு சார், அசிங்கமா?" என்று செல்வராஜ் அதையும் பிடுங்கிப் போட்டு, கறுப்பு பெயிண்ட் அடித்தார். இழுத்தால் 'களக்' என்றது. இருவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சின்னப் பிள்ளைகள்கூட இந்த அளவுக்குச் சிரித்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் என் மனைவி சுமதி, "ஏங்க, இருக்கறது ஒரே ஒரு வரி. அத ஒருதரமாவது சொல்லிப் பாத்தீங்களா?" என்றாள்.

"ஆயுதம் சரியா இருந்தா வசனம் தானா வரும்." (சொன்னது நான்தான். மறுக்க வழியில்லை, சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள்.)

விழா நாளன்று, பார்க்கிங்குக்கு ஆள் போதவில்லை, கொஞ்ச நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுபடி மஞ்சள் ஜாக்கெட். ஃபோனை யாழினியிடம் கொடுத்து அவளையும் சுமதியையும் உள்ளே அனுப்பினேன். நாடகம் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அந்த வருடம் யாரோ பெரிய விருந்தினர் வருகிறார் என்று வாசலில் புதிதாக ஒரு சோதனைக் கருவி வைத்திருந்தார்கள். நான் நுழைந்ததும் அது அலறியது. காவலாளி பையைத் திறந்தார். மேலே காக்கிச் சட்டை, அதன் கீழே தொப்பி, அதன் கீழே துப்பாக்கி.

"யே க்யா ஹை, பாய்?" (இது என்ன, அண்ணே?)

"டாய். பொம்மை. டாய்!"

அவர் கையில் வாங்கிப் பார்த்தார். கை தாழ்ந்தது. "டாய்? இத்னா பாரி?" (பொம்மையா? இவ்வளவு கனமா?)

பொம்மை என்று எப்படி நிரூபிப்பது? ஆரஞ்சு மூடி இல்லை. குழந்தை வயது அச்சிட்டிருந்த பக்கம் இல்லை. பிளாஸ்டிக் என்று சொல்ல ஒரு துணுக்கு இல்லை. பொம்மை என்பதற்கான சாட்சியங்கள் அத்தனையையும் நானே மெனக்கெட்டுக் கழற்றிப் போட்டிருந்தேன். ஒன்றும் செய்யாது என்று காட்டலாமே என்று எட்டி விசையை இழுத்தேன். களக். காவலாளி துள்ளிப் பின்னால் போய், வாக்கிடாக்கியில் மேலதிகாரியைக் கூப்பிட்டார். என்னைக் காவல் அறையில் உட்கார வைத்துக் கதவருகே நின்றுகொண்டார்.

விசா, வேலை, யாழினியின் பள்ளிக்கூடம் எல்லாம் கண்முன்னே வந்துபோயின. ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்போதுகூட என் காது மேடைப் பக்கம்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் ராஜசேகரின் வில்லன் சிரிப்பு கேட்டது. என் நுழைவுக்கான சிரிப்பு அது.

அந்த வழியாகப் போன ஒரு சங்கத்துக்காரரிடம் கத்திச் சொல்லி அனுப்பினேன். வந்தது சுமதி. என்னைப் பார்த்தாள், மேசையில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க வாயத் திறக்காம உட்காருங்க. அத நான் பாத்துக்கறேன்" என்று போய்விட்டாள். யாரையாவது கூட்டிவரப் போகிறாள் என்று நினைத்தேன்.

ராஜசேகர் மூன்றாவது தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு தேய்ந்து இருமலாகிவிட்டது. அப்போது ஒலிபெருக்கியில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு குரல்: "யாரும் அசையாதீங்க!"

பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். பட்டுப்புடவையில் சுமதி, வலது கை ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். காக்கிச் சட்டைக்காகக் காத்திருந்த ஒலிக்காரர் குழம்பிப்போய் டுமீலைப் போடவில்லை. ராஜசேகர் விழிக்கிறார். சுமதி, வீட்டில் தோசைக்கு ஆள் வராதபோது கூப்பிடும் அதே குரலில், "அதான் சுட்டுட்டேன்ல? நீங்க செத்துட்டீங்க. விழுங்க" என்கிறாள். இயக்குநர் மறுபேச்சில்லாமல் விழுகிறார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. வீடியோ குலுங்குகிறது, எடுத்தவள் குதிக்கிறாள்.

காவல் அறையில் மேலதிகாரி வந்து துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஸ்பிரிங்கும் கொக்கியும் தவிர ஒன்றுமே இல்லை. "எதுக்கு சார் இவ்ளோ மெனக்கெட்டீங்க?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்னை விட்டார்கள். நானும் திருப்பிக் கேட்கவில்லை.

அதன்பிறகு சங்க நாடகங்களில் இன்ஸ்பெக்டர் வேடம் சுமதிக்கு என்று எழுதப்படாத சட்டமாகிவிட்டது. அடுத்த வருடமே அவளுக்கு இரண்டு பக்க வசனம் எழுதினார் ராஜசேகர். நான் வெளியே கார்களுக்குக் கை காட்டுகிறேன்.

வீட்டில் ஏதாவது விவாதத்தில் நான் தோற்றுப்போன பிறகும் விடாமல் பேசிக்கொண்டிருந்தால், யாழினி விரலை நீட்டுவாள். "அப்பா, யூ ஆர் டெட். விழுங்க." நான் சோபாவில் விழுந்துவிடுவேன். இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே வேடம் இதுதான். நன்றாகவே விழுகிறேன் என்கிறார்கள்.