பிரியக் கூடாத பசை

விதி எழுதிய புண்ணியவானே, உம் வாழ்நாளில் ஒரு தடவையாவது பசையைத் தொட்டுப் பார்த்ததுண்டா? ‘கலந்தது பிரியலாகாது’ என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டு நீர் போய்விட்டீர். பசைக் கம்பெனி முதலாளியம்மா அல்லவா மாட்டிக்கொண்டாள்!

எப்பாக்சிப் பசை இறுகிவிட்டால் கண்ணாடி மாதிரி. ஓங்கித் தட்டினால் விரிசல் விடும். அதனால் அவள் அதில் திரவ ரப்பரைக் கலந்தாள். இறுகுவதற்காக அடுப்பில் வேகும்போது ரப்பர் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து நிற்கும். ஓடிவரும் விரிசல் துளியில் முட்டி நின்றுபோகும். அரசாங்க அனுமதி கிடைத்தால் ஆபீஸ் நாற்காலிகளுக்கெல்லாம் அவள் பசைதான். கிடைக்காவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

பசையைக் கொண்டுபோனால் இப்போது எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. வேகிற விதத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும், அதுதான் நாகரிகம். கணக்குப் படித்த தம்பியைக் கூட்டிப்போனாள். திரையில் கலவையின் ஊதா நிறம் கலைந்து, பசையின் நீலத்துக்குள் ரப்பரின் சிவப்புத் துளிகள் முளைத்தன.

“என்னம்மா, ரப்பர் தனியாப் போகுதே?” என்றார் அதிகாரி.

“போனாத்தான் சார் உடையாது!”

“விதிப்படி அது பிரிவினை.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் பேரம் பேசியே பிழைத்தவள். “சரி, பாதி பிரியட்டும்.”

“முடியாது.”

“கால்வாசி? ஒரு ஓரமா?”

“இது என்ன காய்கறிக் கடையா?”

“அங்க தொட்டுப் பார்த்துட்டாவது வேணாம்பாங்க சார்!”

தம்பி கிசுகிசுத்தான்: “அக்கா, பிரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடறேன்.”

நிறுத்தினான். திரை முழுக்க ஒரே ஊதா. அதிகாரிக்குக் கண் கலங்கியது. “ஆஹா, என்ன ஒற்றுமை!” அனுமதி தந்தார், ஒரு நிபந்தனையோடு: கம்ப்யூட்டர் நின்ற இடத்தில் அடுப்பும் நிற்க வேண்டும்.

“அப்புறம் பசை இறுகாதே சார்!”

“இறுகணும்னு விதியில எங்கம்மா இருக்கு?”

பூட்டை நினைத்தாள், அனுமதித் தாளை வாங்கிக்கொண்டாள்.

முதல் சரக்கு அந்த ஆபீசுக்கே போனது. புது நாற்காலி, புது பெஞ்சு, திறப்பு விழா. பாராட்டுரை முடிந்து அதிகாரி எழுந்தார்; இறுகாத பசை கசிந்து ஒட்டியதில் நாற்காலியும் கூடவே எழுந்தது, அதன் கால்கள் மட்டும் தரையில் நின்றன. மனுக் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சை விட்டு அசைய முடியவில்லை. முன்வரிசை பெஞ்சில் மாலையும் கழுத்துமாக முதலாளியம்மா, ஒட்டினாற்போல் தம்பி.

“அக்கா, இப்ப என்ன பண்றது?”

“ஆடாதேடா, புடவை கிழியும்!”

“யாராவது பிரிச்சு விடுங்கய்யா!” என்று அதிகாரி அலறினார்.

வாசலில் நின்றிருந்த பியூன் பணிவாகச் சொன்னான்: “விதியில இடமில்லீங்க சார்.”

ஆகவே, புண்ணியவானே, அந்த இரண்டு சொல்லையும் நீரே நேரில் வந்து அடித்துவிட்டுப் போம். வந்த இடத்தில் உட்கார மட்டும் செய்யாதீர்.