தானாக இறங்கும் ஜாக்கி

போடிநாயக்கனூரில் அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ஆயில்முட்டு அண்ணன்தான். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே ஜீப் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைத்தான் நலம் விசாரிப்பார். ஆட்களெல்லாம் அப்புறம்.

ஒரு கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து பந்தல் காலை ஓங்கி உதைத்தார். "வெறைப்பா நிக்குது, ஒடைஞ்சிரும்!" பாதிப் பந்தி பாயசத்தோடு தெருவுக்கு ஓடியது. பந்தலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்ணின் தாய்மாமன்தான் அண்ணனை உடைக்கத் தேடினார்.

"கூரைப் பாறை மெதுவா அமுக்குனா எந்தக் கட்டையும் தாங்கும் அப்பு" என்று என்னைப் பிடித்துக்கொள்வார். "திடுதிப்புனு மேல விழுந்தா? மரக்கட்டை வெறைச்சு நின்னு ஒடையும். சுரங்கத்துல இருக்கிற ஆயில் முட்டு அப்படியில்ல. அடி விழுந்ததும் வால்வு தெறந்து கொஞ்சம் ஆயிலைத் துப்பும். ஒரு விரக்கடை எறங்கும். அடியோட வேகம் செத்துரும். வால்வு மூடிக்கிரும். அப்பறம் நிக்கும் பாரு, ராசா மாதிரி!"

அதே போல ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும் வைத்து வால்வு செய்து, ஒரு லாரி ஜாக்கியில் பொருத்தினார். பாரம் மிஞ்சினால் தானாக இறங்கும் ஜாக்கி! ஜீப் டிரைவர் மாரிக்கு அதைக் கண்டாலே சிரிப்பு.

"தூக்குறதுக்குத்தாண்ணே ஜாக்கி. எறங்குறதுக்கு எதுக்கு? நான் வேற ஒர்க்‌ஷாப் பாத்துக்கிறேன்."

ஒரு மழைநாளில் அண்ணனும் நானும் இன்னும் சிலரும் அதே மாரியின் ஜீப்பில் மலைமேல் போடிமெட்டுக்குப் போனோம். அண்ணன் ஜாக்கியை மடியில் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். ஒரு வளைவில் கற்கள் உருண்டன. நாங்கள் குதித்துவிட்டோம். மாரியால் முடியவில்லை. பெரிய பாறை ஒன்று பானெட்டின் மேல் சரிந்து, அவன் கால்கள் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டன.

மரத்தை வெட்டிப் பாறைக்கு முட்டுக் கொடுத்தோம். மேலிருந்து இன்னொரு கல் வந்து பாறைமேல் விழுந்தது. கட்டை படீரென்று முறிந்தது. பாறை மாரியின் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"தள்ளிப் போங்கடா!" அண்ணன் ஜாக்கியோடு பாறைக்கு அடியில் புகுந்து, மடமடவென்று பம்ப் அடித்து முட்டுக் கொடுத்தார். மாரியை இழுக்க ஆரம்பித்தோம். மறுபடியும் பாறைமேல் ஒரு கல்! ஜாக்கி புஸ்ஸென்று ஆயிலைத் துப்பியது.

"அய்யோ, எறங்குதுண்ணே!" மாரி அலறினான். ஒருவர் பம்ப் அடிக்கப் பாய்ந்தார். அண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டார். முகமெல்லாம் ஆயில்.

"எறங்கட்டும்டா! எறங்குனாத்தான் நிக்கும்!"

ஒரு விரற்கடை இறங்கியது. நின்றது. அசையாமல் நின்றது!

"வெரசா இழுங்கடா!"

இழுத்தோம். ஒற்றைச் செருப்பை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மாரி முழுசாக வந்துவிட்டான்.

"எறங்குச்சுல்ல? பாத்தியா, எறங்குச்சுல்ல!" என்று அண்ணன் ரோட்டிலேயே குதித்தார்.

போடிமெட்டு டீக்கடைக்கு நடந்து போனதும்தான் அவருக்கு நடுக்கம் எடுத்தது. கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. மாரி அதை வாங்கி, ஊதி ஊதி அவர் வாயில் வைத்தான். மற்றவர்கள் கண்ணில் படாதபடி நான் நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.