உங்கள் மாப்பிள்ளைக்கு மூளை இருக்கிறது

போத்தனூர்

கர்த்தருக்குள் பிரியமான ஜெப்ரி அண்ணனுக்கு, தங்கை கிருபாவதி தோத்திரத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். தாராபுரத்தில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் விருந்தன்று இவர் வாசலில் நின்று புகைவிட்டதைப் பார்த்து, "உன்ற ஊட்டுக்காரருக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா கண்ணு?" என்று எல்லோர் முன்பும் கேட்டீர்களே. இருக்கிறது அண்ணா. படம் இணைத்துள்ளேன்.

புகைப்பவர்களின் மூளையில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள தொடர்பை நிகோடின் எப்படி மாற்றுகிறது என்று இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி. அதற்கு இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் இரவிலிருந்து புகைக்காமல் ஒரு ஸ்கேன், கையில் நிகோடின் பட்டை ஒட்டி இன்னொரு ஸ்கேன். அந்த இயந்திரச் சத்தத்துக்கு மற்றவர்கள் மிரண்டார்களாம். இவர் கருமத்தம்பட்டியில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவர், படுத்ததும் தூங்கிவிட்டார். விழித்திருக்கும் மூளைதான் வேண்டுமென்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சஃபியா எழுப்பி, மறுபடி எடுத்து, "இப்படி ஆடாம அசையாம யாருமே படுத்ததில்லீங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே எதிர்வீட்டுப் பங்காரம்மாவிடம், "எங்க ஊட்டுக்காரருக்குத் தொடர்பு இருக்குதுங்க, ஸ்கேன்லயே தெரியுதுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத கண்ணு. யாரு அந்தப் பொம்பள?" என்றார். மாலைக்குள் தெருவே இவரை ஒரு மாதிரி பார்த்தது. இவரோ அதற்கப்புறம் தலைவாராமல் வெளியே போவதில்லை.

ஆனால் டாக்டர் படத்தை விளக்கிய அன்று இவர், "என்ற மூளைல ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோட பேசறதுக்குப் பொட்டிக்கடைக்காரன் உத்தரவு குடுக்கோணுமாக்கும்?" என்று கேட்டு, மிச்சமிருந்த சிகரெட்டுகளைக் குப்பையில் போட்டார். லெந்து நோன்பு நாட்களில் விட்டு ஈஸ்டர் காலையில் பற்றவைக்கிற மனிதர்! நான் இத்தனை வருஷம் கத்தியும் நடக்காததை ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சாதித்துவிட்டதில் சின்ன வருத்தம் உண்டு. இருந்தாலும், இவரை நினைத்தால் நிமிர்ந்து நடக்கத் தோன்றுகிறது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
கிருபாவதி சைமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டர் சஃபியா இவரைப் போனில் கூப்பிட்டார். அடுத்த கட்டத்துக்கும் புகைப்பவர்கள்தான் வேண்டுமாம். விட்டுவிட்டேன் என்று இவர் சொன்னதும் வாழ்த்துச் சொல்லி, பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். இவர் ஆராய்ச்சியில் இருக்கிறார் என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டேனே அண்ணா! போனைப் பிடுங்கி, "ஏனுங் டாக்டர், அவசரப்படாதீங்க, இவரு இன்னும் முழுசா உட்டமாதிரி தெரியலீங்க" என்றேன். இவர் என்னையே பார்த்தார். செருப்பை மாட்டினார். "ஆராய்ச்சி நின்னு போகக் கூடாதில்ல கிருபா? கடை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டினேன். அப்புறம்தான் பார்க்கிறேன், அவர் வெளியே நிற்கிறார்.