சன்னலோரக் கட்டில் ஒப்பந்தப் போர்

தடால்! மாடிப்படியில் உருண்டு வந்து கூடத்தின் நடுவே வீழ்ந்தது அண்ணனின் மெத்தை. அதன் பின்னே இறங்கி வந்தாள் நம் வீராங்கனை. வாழ்க அவள்! பதினைந்தே பிராயத்தினள், இரட்டைப் பின்னல் போர்க்கொடியெனச் சுழல, சட்டப் புத்தகத்தைக் கேடயமாய் ஏந்தியவள்!

போரின் காரணம் கேளீர். மூன்று திங்களுக்கு முன், சன்னலோரக் கட்டிலைத் தங்கை ஓராண்டுக்கு அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதென்றும், ஈடாக அவள் முறைக்கு வரும் பாத்திரங்களையெல்லாம் அண்ணன் தேய்ப்பதென்றும், பத்திர எழுத்தராகிய தந்தையே தம் பொற்கரத்தால் எழுதி, இருவரிடமும் கையொப்பம் வாங்கியிருந்தார். அப்போது குளிர்காலம். இப்போதோ கோடையெனும் கொடுங்கோலன் படையெடுத்து வர, மின்விசிறியே அனல் கக்க, சன்னலோரம் அரியணையாகிவிட்டது.

"மைனர் போட்ட கையெழுத்து மைனரைக் கட்டுப்படுத்தாது!" என்று முழங்கினாள் தங்கை. "மேஜர் போட்டது மேஜரைக் கட்டுப்படுத்தும். கட்டில் எனக்கு, பாத்திரம் உனக்கு!"

அம்பு தைத்த யானையென நாற்காலியில் சாய்ந்தான் அண்ணன். மூன்று மாதக் குழம்புச் சட்டிகளோடு மற்போர் புரிந்த தோள்கள் துவண்டன.

"அநியாயம்டி இது! அப்பா, நீங்களே சொல்லுங்க!"

தந்தை மூக்குக்கண்ணாடி அணிந்து, பத்திரத்தை விரித்து, தீர்ப்புரைக்கும் வேந்தராய்த் தொண்டையைச் செருமினார்.

"உன் வயசு பதினெட்டுன்னு போட்டிருக்கு. பாப்பாவுக்குப் பதினைந்து. அவ சொல்றது சரிதான்டா."

துணி மடித்துக்கொண்டிருந்த தாய் தலை நிமிராமல் கேட்டாள்: "அவனுக்கு எப்பங்க பதினெட்டு ஆச்சு? வர்ற வெள்ளிக்கிழமைதானே ஆகப்போகுது?"

தந்தை பத்திரத்தை மீண்டும் கண்ணருகே கொண்டுபோனார். வந்தவர் சொல்லும் வயதை அப்படியே எழுதுவது தந்தையின் முப்பதாண்டுத் தொழில்முறை. அன்று எதிரில் நின்று மார்தட்டிப் "பதினெட்டு" என்றவன் தாம் பெற்ற பிள்ளை என்பதையும் நிமிர்ந்து பாராமல், அழகிய கையெழுத்தில் எழுதிவிட்டிருந்தார். இரு தரப்பும் மைனராகி, அம்மாபெரும் பத்திரம் வெறுங்காகிதமாய் மேசைமேல் சரிந்தது. கட்டிலை மீட்ட களிப்பில் தங்கை மாடிக்குப் பாய்ந்தாள்.

அண்ணன் விடவில்லை. "அப்ப மூணு மாசம் நான் தேய்ச்சதுக்கு யாரும்மா பொறுப்பு?"

"எழுதினவருக்குப் பதினெட்டு ஆச்சுல்ல? இனிமே மூணு மாசம் அவரே தேய்க்கட்டும்."