பெண் வீட்டு பிளக்கில் சொருகிய கார்

பெண் பார்க்கப் போகிறவன் செய்யக் கூடாத காரியங்கள் என்று எங்கள் பக்கம் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கக் கூடாது. பெண்ணின் தங்கையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சம்பளத்தைக் கேட்டால் விட்டத்தைப் பார்க்கக் கூடாது. பெண் வீட்டு பிளக்கில் காரைச் சொருகக் கூடாது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்தது. அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை என்பதுதான் காரணம். அந்தக் குறையை நீக்கியவன் நான்.

இரண்டாயிரங்களின் பின்பாதி அது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் தமிழ்நாட்டில் ஜனங்கள் மாவரைத்தார்கள், துணி தேய்த்தார்கள். திண்டுக்கல்லில் இன்வெர்ட்டர் கடை வைத்திருந்த எனக்கு அது பொற்காலம். ஊர் இருட்டானால் என் வீட்டில் விளக்கெரியும். (இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.) பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரியாதது இந்த உலகத்தில் எதுவுமில்லை என்ற நினைப்பில், கோயம்புத்தூரில் ஒருவர் தலைமுழுகிய ஒரு மின்சாரக் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குட்டி வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் இரண்டு குழந்தைகள் உட்காரலாம், அவர்களுக்கு முழங்கால் இல்லாமல் இருந்தால்.

கடைக்கு எதிர் டீக்கடையில் தினமும் அந்தக் காரின் மேல் வழக்கு நடந்தது. எல்லோரும் மூன்றே கேள்விதான் கேட்டார்கள். எத்தனை வருசம் உழைக்கும்? பேட்டரி போனால் செலவு என்ன ஆகும்? நாளைக்கு விற்றால் எவன் வாங்குவான்? மூன்றுக்கும் என்னிடம் ஒரே பதில் இருந்தது: "ஒருக்கா சார்ஜ் போட்டா எண்பது கிலோமீட்டர் போகும்ணே!" கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை ஏனோ ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த எண்பதும் பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஐம்பத்தைந்தைத் தாண்டினாலே வண்டி மூச்சு வாங்கும்.

எனக்கு முப்பத்தொரு வயது முடிந்திருந்தது. வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயின. அந்த நேரத்தில்தான் பழனிக்குப் பக்கம் பாலசமுத்திரத்தில் இருந்து சுமதியின் போட்டோ வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. கேமராக்காரர் ஏதோ தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் போல நின்றிருந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் வேறு பெண்ணே வேண்டாம் என்று கடையைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் நினைத்துக்கொண்டேன்.

"ஏலே சந்திரா, வாடகைக்கு ஒரு காரு பிடிச்சுட்டு வா. இம்புட்டு தூரத்துக்கு அந்தச் சோப்பு டப்பா ஆகாதுடா," என்றார் அம்மா.

நானும் பிடித்திருப்பேன். ஆனால் தரகர் போகிற போக்கில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். பெண்ணின் தாய்மாமன் தங்கவேல், 'மாப்பிள்ளை வச்சிருக்கிற கரண்டு வண்டி இந்தூரு வரைக்கும் வருமுங்களா?' என்று கேட்டுச் சிரித்தாராம். அதற்குப் பிறகு வாடகைக் காரில் போனால் நான் மனிதனா?

ஆக, புறப்பட்டோம். நான், அம்மா, பின்னால் மடித்து வைக்கப்பட்ட சித்தப்பா. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால் நான்காவது ஆளாக அம்மா ஒரு கருங்கல்லை எடுத்துச் சித்தப்பா மடியில் வைத்துவிட்டார். ஒட்டன்சத்திரம் வரை பேச்சும் சிரிப்புமாகப் போனோம். அதற்கப்புறம் சார்ஜ் காட்டும் முள் இறங்க இறங்க நான் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் ரேடியோ. அடுத்து ஃபேன். சத்திரப்பட்டி தாண்டியதும் ஹாரன் அடிப்பதையும் நிறுத்திவிட்டேன். பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

"செத்த நேரம் எறங்கி நடந்துக்கிட்டே வரவாடா?" என்றார் சித்தப்பா. கிண்டல் இல்லை, கால் மரத்துவிட்டது.

ஆனால் வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசித் தெருவில் மாட்டு வண்டி வேகத்தில்தான் போனது என்றாலும், பெண் வீட்டு வாசலில் தன் காலில் போய் நின்றது. அங்கே பளபளவென்று துடைத்த ஒரு டீசல் அம்பாசடர் நின்றிருந்தது. அதில் சாய்ந்தபடி வெள்ளை வேட்டியில் தங்கவேல் மாமா.

"பரவால்லீங்களே தம்பி, வந்துருச்சுங்களே!" என்றார் மனதார. உடனே, "திரும்பிப் போகுமுங்களா?" என்றார்.

"சார்ஜ் போட்டா ஜம்முனு போகுங்க," என்றேன். கையோடு வயரும் கொண்டுவந்திருந்தேன். அதைத் தாங்குகிற பெரிய பிளக் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சமையலறையில், கிரைண்டருக்கு. கிரைண்டரைக் கழற்றிவிட்டு என் வயரைச் சொருகினார்கள். அது சமையலறையில் புறப்பட்டு, கூடத்தின் நடுவே, எங்களுக்கும் பெண் வீட்டாருக்கும் எல்லைக்கோடு போலக் கிடந்து, வாசலுக்குப் போனது.

பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி வந்து சொன்னார். "வடைக்கு உளுந்து ஊற வச்சிருந்தனுங்க. அரைக்க முடியாமப் போச்சு. கேசரியும் மிக்சரும்தானுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

சுமதி காபித் தட்டோடு வந்தாள். வயருக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தாண்டினாள். என் டம்ளரை நீட்டும்போது, "காலை எடுத்துக்குங்க, வயரு மேல இருக்குது," என்றாள். பெண் பார்க்கும் படலம் அத்துடன் முடிந்தது. முறைப்படி நாங்கள் எழுந்து, 'ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்' என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கிளம்ப முடியாது. சார்ஜ் ஏற ஆறு மணி நேரமாவது ஆகும். அதை நான் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இனி மதியம்தான் வரும் என்றார்கள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. காரணம், எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபி, பலகாரம் வரைக்கும் தோஷமில்லை. இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொல்லியாயிற்று என்று அர்த்தம். அதனால் அவர்கள் எங்களைச் சாப்பிடச் சொல்ல முடியாது. சொன்னால் பெண்ணை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடும். நாங்களும் சாப்பிட முடியாது. எங்களை வைத்துக்கொண்டு அவர்களும் சாப்பிட முடியாது. ஒரு காரால் இரண்டு குடும்பம் பட்டினி.

பொழுதைப் போக்க மாமா காரை ஆராயப் போனார். நானும் கூடப் போனேன். முன்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, எஞ்சினையே காணமுங்க. வர்ற வழியில எங்காச்சும் உளுந்துருச்சுங்களா?" தெருவில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா மடியிலிருந்து இறங்கிய கருங்கல்லை மாமாவே எடுத்து டயருக்கு முட்டுக் கொடுத்தார். அதுதான் அந்த வண்டியில் உருப்படியான பாகம் என்றார்.

மதியம் கரண்ட் வந்ததும் நான் சமையலறை வாசல்வரை போனேன். சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது சாக்கு. கதவோரம் சுமதி நின்றிருந்தாள்.

"ஏனுங்க, தரகர் சொன்ன மாதிரி இந்த வண்டி நெசமாலுமே எண்பது கிலோமீட்டர் போகுமுங்களா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

டீக்கடையில் ஒருநாளும் வராத உண்மை வாயில் வந்துவிட்டது. "இல்லீங்க. அம்பத்தஞ்சு."

"இங்க வர்றதுக்கே அறுபதுக்கு மேலங்களே. தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"ஒங்க மாமா வருமான்னு கேட்டாருன்னு சொன்னாங்க. அதான்…"

அவள் சிரிக்கவில்லை. வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, நீங்க போயி உக்காருங்க. பிளக்கை நான் பாத்துக்கறனுங்க," என்றாள்.

முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னதால் பெண் போயிற்று, இனிக் காரின் மானத்தையாவது காப்பாற்றுவோம் என்று கூடத்துக்குத் திரும்பினேன். அங்கே பஞ்சாயத்தே கூடியிருந்தது. அக்கம்பக்கத்தார் வாசற்படிவரை நிறைந்திருந்தார்கள். மாமா எங்கள் ஊர் டீக்கடையில் ஒருநாளும் டீ குடித்தவர் இல்லை. ஆனாலும் அதே மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேட்டார்.

"எத்தன வருசத்துக்குத் தாங்குமுங்க? நடுவுல செலவு வெக்குமுங்களா? நாளைக்கு வேண்டாம்னா எவனாச்சும் வாங்குவானுங்களா?"

டீசல் லிட்டர் ஆறு ரூபாய்க்கு விற்ற காலத்திலிருந்து தன் அம்பாசடர் எப்படி உழைக்கிறது என்று அவர் சொன்னார். டீசல் நாளைக்குத் தீர்ந்து போகும் என்று நான் சொன்னேன். கரண்ட் இன்றைக்கே தீர்ந்து போகிறதே என்றார் அவர். கைதட்டல். உள்ளேயிருந்து ஏதோ கடகடவென்று ஓடுகிற சத்தம் வந்ததால் இரண்டு பேருமே கத்திப் பேச வேண்டியிருந்தது. நடுவில் எழுந்துபோய் வண்டியின் முள்ளைப் பார்த்திருக்கலாம். ஆனால் வாதத்தின் நடுவே எழுந்தால் தோற்றதாகிவிடும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

மணி இரண்டைத் தாண்டியது. சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையிலிருந்து மிக்சரை மட்டும் கொறித்தவர் நெற்றி வேர்த்து, "மதினி, எனக்குக் கண்ணைக் கட்டுது," என்றார். அம்மா என்னைப் பார்த்தார். பெண்ணின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார்.

அப்போது சுமதி வந்து, வயரைத் தாண்டி, கூடத்தின் நடுவே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எல போட்டாச்சுங்க. எல்லாரும் சாப்ட வாங்க."

அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர் ஒருவருமில்லை. அம்மா என் சம்மதத்தைக் கேட்கத் திரும்பினார். நான் அதற்குள் இலையின் முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

சோறு, பருப்பு, கத்திரிக்காய் வெஞ்சனம், ரசம், அப்புறம் சுடச்சுட உளுந்து வடை. நான்கு சாப்பிட்டேன். "இன்னொண்ணு வெச்சுக்குங்க மாப்ளே!" என்றார் மாமா. காலையிலிருந்து தம்பியாக இருந்தவன் அந்த வடையில்தான் மாப்பிள்ளை ஆனேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கை கழுவிவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். முள் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. கரண்ட் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பேட்டரி வியாபாரியான நான், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு தெருவையே சாட்சியாக வைத்து அறிவித்தேன். "மாமா, நீங்க சொன்னதுதான் சரி. பேட்டரி செத்துப்போச்சு. இந்த வண்டி ஒண்ணுத்துக்கும் ஆகாது."

மாமா பெருந்தன்மையாக என் தோளைத் தட்டினார். எங்கள் மூவரையும் தன் அம்பாசடரிலேயே திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து விட்டார். வழி நெடுக டீசலின் பெருமையைக் கேட்டுக்கொண்டு வந்தோம். அவரையும் சேர்த்து நான்கு பேர் என்பதால் கல்லை அங்கேயே விட்டுவிட்டோம்.

மறுவாரம் காரை எடுக்கப் போனபோது, மாமனார் இரவு முழுக்க சார்ஜ் போட்டு வைத்திருந்தார். (அன்றைக்கு அவர்கள் வீட்டில் தோசை மாவு ஆட்டுக்கல்லிலா அரைந்தது என்று நான் கேட்கவில்லை.) வண்டி முக்காமல் முனகாமல் ஒட்டன்சத்திரம் வரை வந்தது. அங்கே தெரிந்த கடையில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வீடு சேர்ந்தேன். செத்த பேட்டரி எப்படிப் பிழைத்தது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. கல்யாணக் களிப்பில் அதைப் பெரிதாக யோசிக்கவும் இல்லை.

விளங்கியது தலை தீபாவளிக்கு. மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கிரைண்டர் ஓடியது. கடகடவென்று அதே சத்தம். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

"சுமதி, அன்னிக்கு வடைக்கு மாவு எப்படி அரைச்சீங்க?"

"கிரைண்டர்லதானுங்க."

"பிளக்கு?"

"உங்க வயரைப் புடுங்கிட்டுத்தான். இங்க வேற பிளக்கு ஏதுங்க? அப்புறம் திரும்பிச் சொருக மறந்துட்டேன்."

"எப்போ புடுங்குன?"

மாவை வழித்துக்கொண்டே சொன்னாள். "அம்பத்தஞ்சுன்னு சொல்லிட்டுப் போனீங்கல்ல, அப்பவேதான். வடையில்லாம எப்படிங்க எல போடுறது?"

அந்தக் கார் அதன் பிறகு ஐந்து வருடம் திண்டுக்கல் தெருக்களில் என் கடை பேட்டரிகளைச் சுமந்து உழைத்தது. பாலசமுத்திரத்தில் மட்டும் அதற்கு இன்றுவரை விமோசனம் இல்லை. இப்போது தொலைக்காட்சியில் எல்லோரும் மின்சாரக் காரைப் பற்றி அதே மூன்று கேள்வியைக் கேட்டு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் தங்கவேல் மாமா போன் செய்துவிடுவார். நேரில் வந்தால் இன்னும் மோசம். அவருக்கு உண்மை தெரியாது. சொன்னால் வாதத்தில் ஜெயிப்பேன், ஆனால் தாலி ஏறுமுன்பே பெண் மாப்பிள்ளை வண்டியின் வயரைப் புடுங்கிய கதை ஊரெல்லாம் போகும். சுமதி ஒரு தட்டு வடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாள். எங்கள் மகளும் மகனும் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார்கள்.

மாமா வடையைப் பிட்டு வாயில் போட்டபடி கேட்பார். "நீங்களே சொல்லுங்க மாப்ளே, அந்த வண்டி இந்த ஒத்த வடைக்குப் பெறுமுங்களா?"

"பெறாதுங்க மாமா," என்று ஒப்புக்கொண்டு நானும் ஒன்றை எடுத்துக்கொள்வேன்.