காமாவுக்குப் போர்த்திய பொன்னாடை

எதைக் கேட்டாலும் "தெரியாதுலா" என்று கையை விரித்துவிட்டு, பல ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பதை மட்டும் விரல்நுனியில் வைத்திருந்தவர் ஜொகூர் மாநிலத்திலேயே எங்கள் காமா ஒருவர்தான். உலு திராமில் நாங்கள் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்குக் கணக்கர். எந்த ஸ்க்ரூ எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாங்களே தேடி எடுத்துக்கொள்வோம்.

லட்சக்கணக்கான கிழட்டு நட்சத்திரங்கள் பந்துபோல நெருக்கியடித்துக்கொண்டு கிடக்குமாம். அதற்கு உருண்டைக் கொத்து என்று பெயர். அங்கிருந்து காமா கதிர் வருகிறது, அதை அனுப்புவது யார் என்பதுதான் அவருடைய கவலை. காமா என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்ததும் அதனால்தான். விண்வெளித் தொலைநோக்கியின் தகவல்கள் இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கின்றன. மதிய இடைவேளையில் நாசி லெமாக் சோற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்துவிடுவார்.

"செத்துப்போன நட்சத்திரம் தம்பி. பக்கத்துல இருக்கிறதுகிட்ட கொஞ்சம் கொஞ்சமா இழுத்துச் சாப்பிட்டு, மறுபடி எழுந்து நொடிக்கு நூறு சுத்து சுத்தும். அதுங்க வேலைதான் இதெல்லாம்."

"நம்ம சூப்பர்வைசர் மாதிரிங்களாண்ணே?"

"அவரு எங்க சுத்துறாரு? சாப்பிட்டு உட்கார்ந்தே இருக்காரு" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எந்த நட்சத்திரம் என்று பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்டேன்.

"சிங்கப்பூர் போற பேக்டரி பஸ் தூரத்துல வருது. பாட்டுச் சத்தம் கேக்குது. டிரைவர் பாடுறாரா, பின்சீட்டு பாடுதான்னு சொல்லிருவீங்களா? அதான்லா கஷ்டம்!"

ஒரு நாள் "கெடச்சிருச்சு!" என்று அவர் குதித்ததில் தட்டிலிருந்த மிளகாய்ச் சம்பல் முழுக்க சூப்பர்வைசர் சட்டையில். இதுவரை காமா கதிர் வருவதாக யாரும் சொல்லாத ஒரு கொத்திலிருந்து வருகிறதாம். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோயில் தலைவரிடம் சொல்லித் தொலைத்தேன். எங்கள் பக்கம் நல்ல சேதி என்றால் முதலில் வாட்ஸ்அப், அப்புறம் பேனர், உண்மையா என்று விசாரிப்பது கடைசியில்தான். கோயில் வாசலில் அவருடைய அடையாள அட்டைப் படம் ஆளுயரத்துக்கு நின்றது. "நட்சத்திரம் கண்டுபிடித்த எங்கள் சிங்கமே!" ஞாயிறு மதியம் மண்டபத்தில் பாராட்டு விழா, பிரியாணி.

ஞாயிறு காலையில் பேராசிரியரின் பதில் வந்தது. மண்டபத்து கார் நிறுத்துமிடத்தில் காமா கைபேசியை என்னிடம் நீட்டினார். கதிர் அந்தக் கொத்திலிருந்து வரவில்லை. அதே திசையில், அதற்கும் வெகுதூரம் பின்னால் இருக்கிற ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வருகிறது.

"பஸ்ஸு பாடவே இல்ல தம்பி. பின்னால வந்த லாரி பாடியிருக்கு."

"யாருக்குண்ணே தெரியப்போவுது? பொன்னாடையை வாங்கிக்கிட்டு, சாப்பிட்டுட்டுப் போலாம்."

காமா உள்ளே எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷமாக இதைப் பைத்தியம் என்று திட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க வீட்டுக்காரரு" என்று பேனரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் பொன்னாடை போர்த்தினார். காமா மைக்கைப் பிடித்தார்.

"நான் எதையும் கண்டுபிடிக்கலைங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

தலைவர் அவர் காதோடு சொன்னதை மைக் எல்லாருக்கும் சொன்னது. "அலமாக்! பிரியாணி வந்திருச்சு, இப்பப் போயி இதைச் சொல்றீங்களே!"

காமா நிறுத்தவில்லை. எங்கே தவறினார், கதிரை அந்தச் செத்த நட்சத்திரங்களே நேராக அனுப்புகின்றனவா, அவை வீசும் எலக்ட்ரான்கள் நட்சத்திர வெளிச்சத்தில் மோதி உண்டாக்குகின்றனவா, இன்னும் தீராத சண்டை எது என்று நாற்பது நிமிடம் விளக்கினார். பிரியாணி ஆறியது. கடைசியில் பொன்னாடையை எடுத்து மடித்துத் தலைவர் கையில் கொடுத்தார்.

அண்ணி விறுவிறுவென்று மேடை ஏறினார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். தலைவர் கையிலிருந்த பொன்னாடையைப் பிடுங்கி, உதறி, மறுபடி அவர் தோளில் போர்த்தினார்.

"அடுத்த கொத்தைப் பாருங்க. இந்தத் தடவை பின்னாடி என்னா இருக்குன்னு மொதல்ல பாருங்க."

முதலில் கைதட்டியது நான்தான். அந்த நாற்பது நிமிடத்தில் பாதிகூட எனக்குப் புரியவில்லை. அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.