ஆறிதழ்ப் பூ பொறித்த பெட்டி

வல்லக்கோட்டையில் உறையும் வேலவனே, நாணம் விட்டு உண்மை உரைக்கத் துணை நிற்பாயாக.

தை மாத வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி, ஞாயிற்றுக்கிழமை. குறைகூற இயலாத அந்நன்னாளில்தான் என் மகன் குமரனின் திருமணத்தை நான் ஏறத்தாழ முறித்தேன். துதிப்பாடல்களிலேயே ஊறியவனுக்குக் காண்பதெல்லாம் திருக்குறிப்பாகத் தோன்றும். அது வரமன்று, நோய்.

மணமகள் எஸ்தர், ஒரகடத்துத் தொழிற்சாலையில் குமரனோடு பணிபுரிபவள். உதிரிபாகங்களைச் சோதித்துத் தேறாதவற்றைக் கழிப்பது அவள் வேலை. அவளுடைய தாயார் மேரியம்மாளுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனமே இல்லை. நெடுநாள் கெஞ்சிய பிறகே, பிள்ளைப்பாக்கம் தேவாலயக் கூடத்தில் நிச்சயதார்த்தத்திற்கு இசைந்தார்.

சீர்த்தட்டுகளை அடுக்கப் பின்னறைக்குச் சென்றேன். மேசைமேல், பழங்கால அகல்களுக்கு நடுவே ஒரு வெண்ணிறப் பெட்டி. முகப்பில் ஆறிதழ்ப் பூ! ஆறுமுகம், ஆறெழுத்து, ஆறு படைவீடு! மெய்சிலிர்த்தது. நமக்காகவே சம்பந்தி வீட்டார் செய்துவைத்த சீர்ப்பெட்டி என்று முடிவு கட்டினேன். (அருகிலிருந்த அட்டையைப் படித்திருக்கலாம். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.) சந்தனம், குங்குமம் இட்டு, பட்டுப்புடவையையும் வெற்றிலை மஞ்சளையும் உள்ளே வைத்து, தலைமேல் சுமந்து, முருகன் துதியை உரக்கப் பாடியவாறு மேடையேறினேன்.

போதகர் பதறி எழுந்தார். "ஐயா... அது எலும்புப் பெட்டிங்க!"

பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். எருசலேம் அருகே கல்லறைக் குகைகளில் தோண்டியெடுத்த பெட்டிகளின் மாதிரியாம். ஞாயிறு பள்ளிக் கண்காட்சிக்குச் சுதையால் செய்ததாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், இயேசுநாதர் காலத்து யூதர்கள், இறந்தவரைக் குகையில் கிடத்தி, ஓராண்டு சென்றபின் எலும்புகளைத் திரட்டி இத்தகைய சுண்ணாம்புக்கல் பெட்டியில் வைப்பார்களாம். அதைத்தான் நான் தலையில் வைத்திருந்தேன்.

"இன்னாங்க அநியாயம் இது! எம் பொண்ணுக்குப் பொடவைய எலும்புப் பொட்டியிலயா எட்த்துகினு வருவாங்க?" மேரியம்மாள் கொதித்தார். "எழுந்திருடி எஸ்தரு, வூட்டுக்குப் போலாம்!"

"கண்ணாடி எதுக்குங்க வாங்கினீங்க?" என்றாள் என் மனைவி.

"ஆறு இதழ் இருந்துச்சே..." என்றேன். (இன்றுவரை என்னிடமுள்ள ஒரே விளக்கம் அதுதான்.)

எஸ்தர் எழுந்தாள். குமரன் ஓடிவந்து என் தலையிலிருந்த பெட்டியை இறக்கிவைத்தான். ஆனால் அவள் வாசலுக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்து, புடவையை உதறி, இருபுறமும் திருப்பி, ஓரத்தை இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, பேக்கிங்தான் ரிஜெக்ட். உள்ள கீற மெட்டீரியல் ஓகே. பாஸ் பண்ணிட்டேன்" என்று தோளில் போட்டுக்கொண்டாள்.

கூடமே சிரித்தது. "மறுபடி உயிரோட எழுந்திருப்பாங்கன்னு நம்பித்தான் எலும்ப சேர்த்து வெச்சாங்கன்னு சொல்றாங்கம்மா" என்றார் போதகர். மயிலையில் பதிகம் பாடியதும் குடத்து எலும்பிலிருந்து பெண்ணொருத்தி எழுந்த அற்புதத்தை நானும் எடுத்துரைத்தேன். மேரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, மொதல்ல சந்தனத்தத் தொடச்சுட்டு எட்த்த எடத்துல வைங்க." அதுவே சம்மதம்.

சென்ற மாதம் பேத்திக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுசென்றேன். எஸ்தர் கைநீட்டுமுன் மேரியம்மாள் தடுத்தார்: "இருடி. சம்பந்தி, பொட்டி யாரோடது?"

இதைப் படிப்போர் இல்லமெல்லாம் மங்கலம் பெருகுக. உங்கள் சீர்வரிசை உரிய பெட்டியிலேயே சென்று சேர்க!